வண்டி சர்வீஸ் தேதி தெரியும்... உங்க பி.பி எவ்வளவுன்னு தெரியுமா?

'நல்லா இருக்கும்போது எதுக்கு டெஸ்ட்?' - நாம் ஏன் தள்ளிப்போடுகிறோம், எதைத் தள்ளிப்போடக் கூடாது?

காலை 6 மணிக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஜங்ஷனில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். ஜி.எஸ்.டி ரோட்டிலிருந்து ஒரகடம் பக்கம் திரும்பும் கம்பெனி பஸ்கள், மறைமலை நகர் ஷிஃப்ட்டுக்குப் பறக்கும் பைக்குகள், டிபன் பையோடு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடும் கூட்டம், மஹிந்திரா சிட்டிக்கு ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோக்கள்... இந்த ஏரியாவில் பாதிப் பேரின் பிழைப்பு வண்டிகளையும் உதிரிபாகங்களையும் நம்பித்தான் ஓடுகிறது. அந்தத் தொழிற்சாலைகளில், சோதனை முடியாத பிரேக் பாகம் கேட்டைத் தாண்டாது. 'இப்போதைக்கு நல்லாத்தானே இருக்கு, அனுப்பிவிடுவோம்' என்று எந்த சூப்பர்வைசரும் சொல்ல மாட்டார்.

ஆனால், அந்தப் பாகத்தைச் சோதிக்கிற ஊழியரிடம் "கடைசியா எப்போ பி.பி பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "எனக்கு என்ன பாஸ், நான் நல்லாத்தானே இருக்கேன்!"

அவரைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. ஐ.டி-யில் இருக்கும் நீங்கள், கடை நடத்தும் உங்கள் மாமா, வீட்டில் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்யும் உங்கள் அம்மா... எல்லோருமே அந்த பதிலைத்தான் சொல்கிறோம். ஏன் சொல்கிறோம்? அந்த பதில் எங்கே தப்பாகிறது? எந்த டெஸ்ட் உண்மையிலேயே தேவை? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எண்கள் என்ன சொல்கின்றன?

2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் 30.2% பேருக்கும் பெண்களில் 24.8% பேருக்கும் ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது அல்லது அதற்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள். சர்க்கரையில் இந்தக் கணக்கு ஆண்களில் 22.1%, பெண்களில் 20.7%. அதாவது, ஐந்து பேர் உட்காரும் ஷேர் ஆட்டோவில் ஒருவருக்காவது சர்க்கரை இருக்கலாம்.

நோய் இருப்பதைவிடக் கவலை தருவது அடுத்த எண். தமிழக அரசு 2020-ல் நடத்திய 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் வெறும் 7.3% பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. சர்க்கரையில் 10.8%. மற்றவர்களில் ஒரு பகுதியினர் தெரிந்தும் விட்டவர்கள். இன்னொரு பகுதியினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில், வாழ்நாளில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8%. மார்பகப் பரிசோதனை 5.6%. 'அடடா, இவ்வளவு குறைவா' என்று தோன்றுகிறதா? இந்தியா முழுமைக்குமான கணக்கு முறையே 1.9%, 0.9%. நாம்தான் முன்வரிசையில் இருக்கிறோம். முன்வரிசையே இந்த லட்சணம்!

ஸ்கிரீனிங் என்றால் என்ன?

இருமல் வந்து டாக்டரிடம் போனால், அது நோயைக் கண்டறியும் பரிசோதனை. எந்தத் தொந்தரவும் இல்லாமல், 'இருக்கிறதா என்று பார்ப்போம்' என்று போனால் அது ஸ்கிரீனிங். தமிழில் முன்கூட்டிய பரிசோதனை.

குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கான டிக்கெட், வலி. பல் வலித்தால் நடுராத்திரியிலும் டாக்டரைத் தேடுவோம். ஆனால், ரத்த அழுத்தம் வலிக்காது. ஆரம்பகட்ட சர்க்கரை வலிக்காது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் பல வருடங்கள் சத்தமில்லாமல் இருக்கும். வலி வரும்போது, சுலபமாகச் சரிசெய்யும் கட்டம் பெரும்பாலும் தாண்டிப்போயிருக்கும்.

துக்க வீட்டில் அடிக்கடி ஒரு வார்த்தை கேட்டிருப்போம். "திடீர்னு விழுந்துட்டாருப்பா... அதுவரைக்கும் ஒண்ணுமே இல்ல." உண்மையில் பக்கவாதத்தில் பலவும் 'திடீர்' கிடையாது. யாரும் அளந்து பார்க்காத பி.பி, பத்து வருஷமாக உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அந்தத் 'திடீர்' என்ற வார்த்தையை முடிந்தவரை குறைப்பதுதான் ஸ்கிரீனிங்கின் வேலை.

சரி, ஏன் போக மாட்டேங்கிறோம்?

'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். சர்க்கரையைப் பற்றித் தெரியாதவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் யார் இருக்கிறார்கள்? டீக்கடையிலேயே 'சுகர் கம்மியா' என்று சொல்லும் ஊர் இது. காரணங்கள் வேறு.

1. நேரம் ஒத்துவருவதில்லை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டமாக நோயாளிகளைப் பார்ப்பது பகல் நேரத்தில். ஷிஃப்ட் வேலையில் இருப்பவருக்கு அது வேலை நேரம், அல்லது நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் நேரம். தினக்கூலி வாங்குபவருக்கு, இலவசப் பரிசோதனை என்றாலும் அது இலவசம் இல்லை. ஒரு நாள் கூலி போகும். மறுநாள் ரிசல்ட் வாங்கப் போனால் இன்னொரு நாள். உடம்பு சரியில்லாமல் லீவு எடுக்கவே யோசிப்பவர், உடம்பு நன்றாக இருக்கும்போது எப்படி லீவு எடுப்பார்?

2. "வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

"அம்மா, கேன்சர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாம்மா" என்று சொல்லிப் பாருங்கள். இந்த பதில்தான் வரும். நோயின் பெயரைச் சொன்னாலே அது வந்துவிடும் என்கிற பயம். 'தெரியாத வரைக்கும் நிம்மதி' என்பது அதன் இன்னொரு வடிவம்.

இளைஞர்களுக்கும் இதே பயம் வேறு வேஷத்தில் வரும். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சர்க்கரை என்று தெரிந்தால்? கம்பெனிக்குத் தெரிந்து 'அன்ஃபிட்' என்று சொல்லிவிட்டால்? இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறிவிட்டால்? இவையெல்லாம் சும்மா கற்பனை என்று தள்ளிவிட முடியாது. கான்ட்ராக்ட்டில் வேலை பார்ப்பவருக்கு வேலை போகும் பயம், நோய் பயத்தைவிடப் பெரியது.

3. பெண்களுக்கு மட்டும் இன்னும் மூன்று தடைகள்

முதலாவது, கூச்சம். உள் உறுப்புப் பரிசோதனை என்றாலே தயக்கம், அதிலும் ஆண் டாக்டர் இருந்துவிட்டால் என்ற சந்தேகம். இரண்டாவது, 'நான் போயிட்டா வீட்டை யார் பார்ப்பா?' மூன்றாவது, 'அந்த மாதிரி டெஸ்ட் எதுக்கு... நான் என்ன தப்பு பண்ணினேன்?' என்ற களங்க உணர்வு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி வைரஸ் மிகச் சாதாரணமாகப் பரவக்கூடியது. திருமண உறவில் மட்டுமே இருந்த பெண்ணுக்கும் வரலாம். இதில் யாருடைய ஒழுக்கத்தையும் எடைபோட எதுவும் இல்லை.

4. "எல்லாம் பணம் பிடுங்குற வேலை!"

'80 டெஸ்ட், அதிரடித் தள்ளுபடி' என்று வாரம் ஒரு எஸ்.எம்.எஸ் வருகிறது. பார்த்ததும் சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலாக எடுக்க ஆரம்பித்த பிறகு, 1993-ல் இருந்ததைவிட 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது 15 மடங்கானது. ஆனால், அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் குறையவே இல்லை. தொந்தரவே தராமல் இருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள்.

பொத்தாம்பொதுவான முழு உடல் பரிசோதனைகளை ஆராய்ந்த 'காக்ரேன்' மதிப்பாய்வும், அவற்றால் மொத்த இறப்புகள் குறைவதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. ஆக, 'நிறைய டெஸ்ட்' என்பது 'நல்ல டெஸ்ட்' ஆகாது. ஆனால், இதையே சாக்காக வைத்து பி.பி-கூடப் பார்க்காமல் இருந்தால், அங்கேதான் சிக்கல்.

5. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி: "தெரிஞ்சா, அடுத்து என்ன?"

மேலே சொன்ன பயங்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். இதற்கு ஒரு பழைய உதாரணம், நாம் தினமும் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலில் பீச் ரயில் ஏறினால், தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் 'தாம்பரம் சானடோரியம்'. 1928-ல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அந்தக் காலத்தில் காசநோய் என்று தெரிந்தால், வீட்டையும் வேலையையும் விட்டு மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும். அதுவும் இடம் கிடைத்தால்தான். அப்படியொரு முடிவு காத்திருக்கும்போது, யார்தான் தைரியமாகச் சளியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் கொடுப்பார்கள்?

அதே ரயிலில் இன்னும் போனால் சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம்தான் ஒரு கேள்வியைச் சோதித்துப் பார்த்தது: வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் போதாதா? போதும் என்று 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை மாறியதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அதன் பிறகு காசநோய்ப் பரிசோதனையின் அர்த்தமே மாறியது. 'வீட்டை விட்டுப் போகணும்' என்பது 'மாத்திரை சாப்பிடணும்' என்றானது. டெஸ்டுக்குப் பின்னால் இருக்கும் கதவு எங்கே திறக்கிறது என்று தெரிந்தால், அதைத் தட்டுவதற்கு பயம் குறையும். தெரியாவிட்டால், எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் ஆள் வராது.

திண்டுக்கல்லில் என்ன நடந்தது?

டெஸ்ட் நம் தெருவுக்கே வந்து, அடுத்து என்ன என்பதற்கும் அங்கேயே பதில் இருந்தால் என்ன ஆகும்? இதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் இதில் இருந்தன. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கிராமங்களுக்கே போனார்கள். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் ஆசிட்டை (கிட்டத்தட்ட நம் வினிகர்தான்) கர்ப்பப்பை வாயில் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை. பெரிய லேப் தேவையில்லை. சந்தேகமான மாற்றம் இருந்து, உறையவைக்கும் சிகிச்சை பொருந்துமானால், முடிந்தவரை அதே இடத்தில் அப்போதே செய்தார்கள். 'ரிசல்ட்டுக்கு அடுத்த வாரம் வாங்க' என்ற அலைச்சல் இல்லை.

தகுதியான 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். 63.6%. மேலே பார்த்த 9.8%-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுமே நம் தமிழ்ப் பெண்கள்தான். கூச்சமும் பயமும் இவர்களுக்கும் இருந்திருக்கும். மாறியது, டெஸ்ட் வந்து சேர்ந்த விதம். பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25% குறைந்தது, அதனால் ஏற்பட்ட இறப்புகள் 35% குறைந்தன. 2007-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வெளியாகின.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசலுக்கே வந்தும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பெண்கள் வரவில்லை. அந்தக் கடைசி அடியை எடுத்துவைக்க, வீட்டுக்குள்ளிருந்து யாராவது கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது என்னென்ன வசதி இருக்கிறது?

* மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட திட்டம். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி, சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருது பெற்றது. அவர்கள் பகலில் வரும்போது நீங்கள் வேலைக்குப் போயிருந்தாலும், அப்பா அம்மாவுக்காவது பார்க்கச் சொல்லலாம்.

* ஆரம்ப சுகாதார நிலையம்: தேசியத் திட்டத்தின் கீழ் 30 வயதைக் கடந்தவர்களுக்கு பி.பி, சர்க்கரை, வாய்ப் புற்றுநோய் பரிசோதனை இலவசம். பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய் பரிசோதனையும் உண்டு.

* சனிக்கிழமை முகாம்கள்: 2025 ஆகஸ்ட் 2-ல் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்கள் சனிக்கிழமைகளில் நடத்தப்பட்டன. இது போன்ற விடுமுறை நாள் முகாம் உங்கள் ஏரியாவில் எப்போது என்பதை ஊராட்சி அலுவலகத்திலோ சுகாதார நிலையத்திலோ கேட்டு வையுங்கள்.

* வேலை இடத்தில்: 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை என மத்திய அரசு அறிவித்திருக்கிறது. ஹெச்.ஆரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

* வருமான வரி: பழைய வரி முறையில் இருந்தால், முன்கூட்டிய பரிசோதனைக்கு ரூ.5,000 வரை கழித்துக்கொள்ளலாம். இந்தச் செலவைப் பணமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும்.

ஊசி இல்லாமல் ஒரு டெஸ்ட்... இப்போதே!

சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல் உருவாக்கிய 'இந்தியன் டயாபடீஸ் ரிஸ்க் ஸ்கோர்' இது. நான்கே கேள்விகள். ரத்தம் வேண்டாம். ஒரு இன்ச் டேப் போதும். ரயிலில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம்.

* வயது: 35-க்குக் கீழ் - 0. 35 முதல் 49 வரை - 20. 50-ம் அதற்கு மேலும் - 30.
* இடுப்புச் சுற்றளவு (ஆண்கள்): 90 செ.மீ-க்குக் கீழ் - 0. 90 முதல் 99 வரை - 10. 100-ம் அதற்கு மேலும் - 20.
* இடுப்புச் சுற்றளவு (பெண்கள்): 80 செ.மீ-க்குக் கீழ் - 0. 80 முதல் 89 வரை - 10. 90-ம் அதற்கு மேலும் - 20.
* உடலுழைப்பு: தினசரி உடற்பயிற்சியும் கடின உழைப்பும் உண்டு - 0. இரண்டில் ஏதாவது ஒன்று - 20. இரண்டும் இல்லை - 30.
* குடும்பம்: பெற்றோருக்குச் சர்க்கரை இல்லை - 0. ஒருவருக்கு உண்டு - 10. இருவருக்கும் உண்டு - 20.

மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் வந்தால், ஆபத்து அதிகம். உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

'நமக்கு வயசு 27தானே' என்று நினைக்கும் நண்பருக்காக ஒரு கணக்கு. வயதுக்கு 0. நாள் முழுக்க லேப்டாப் முன்னால், ஜிம் பக்கமே போகவில்லை: 30. பேன்ட் சைஸ் ஏறி இடுப்பு 92 செ.மீ: 10. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை: 20. கூட்டினால் 60. 27 வயதிலேயே பார்டரைத் தொட்டாச்சு!

யாருக்கு எந்த டெஸ்ட்? இவ்வளவுதான் பட்டியல்

* பி.பி: 18 வயதிலிருந்தே பார்த்துவைப்பது நல்லது. 30-ஐத் தாண்டினால் வருடம் ஒருமுறை. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரை டீ, காபி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். ஓடிவந்த மூச்சோடு பார்த்தால் அளவு ஏறித்தான் இருக்கும்.

* சர்க்கரை: 30 வயதிலிருந்து வருடம் ஒருமுறை. ஸ்கோர் 60-ஐத் தொட்டால் அதற்கு முன்பே. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னால் ஸ்வீட்டை நிறுத்தி 'பாஸ் மார்க்' வாங்கும் வித்தை எச்பிஏ1சி டெஸ்ட்டிடம் பலிக்காது. அது மூன்று மாத சராசரியைச் சொல்லிவிடும். 6.5%-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய்.

* கர்ப்பப்பை வாய்: 30 வயதிலிருந்து. வினிகர் முறைப் பரிசோதனை என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. எச்.பி.வி டெஸ்ட் என்றால் 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக்கொடுக்கும் முறையையும் அது ஏற்றுக்கொள்கிறது. கூச்சம்தான் தடை என்றால், இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 80,000 பெண்கள் இந்த நோயால் இறந்ததாக உலகளாவிய புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. இத்தனைக்கும், முன்பே கண்டுபிடித்தால் தடுத்துவிடக்கூடிய புற்றுநோய் இது.

* மார்பகம்: 30 வயதிலிருந்து பயிற்சி பெற்ற நர்ஸ் அல்லது டாக்டரின் கைப் பரிசோதனை. கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு என்று எதைக் கவனித்தாலும் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். அது ஸ்கிரீனிங் இல்லை, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறி.

* வாய்: பான், ஹான்ஸ், சிகரெட், மது பழக்கம் உள்ளவர்களுக்கு அவசியம். டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பதுதான் டெஸ்ட். திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வில், இப்படிப் பார்த்ததாலேயே இந்தப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் இறப்புகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

குடும்பத்தில் யாருக்காவது இள வயதில் மாரடைப்போ புற்றுநோயோ வந்திருந்தால், இந்தப் பட்டியல் போதாது. டாக்டரிடம் சொல்லி உங்களுக்கென்று ஒரு திட்டம் கேளுங்கள்.

ரிசல்ட் சரியில்லை என்றால்?

இதைத்தான் முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பி.பி ஒருநாள் 140/90-ஐத் தாண்டினால், உடனே 'பி.பி பேஷன்ட்' ஆகிவிடவில்லை. இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதிசெய்வார்கள். அதன்பிறகும் முதல் வேலை உப்பைக் குறைப்பது, நடப்பது. மாத்திரை தேவைப்பட்டால், அது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

சர்க்கரைக்கு முந்தைய நிலை என்று வந்தால், அது தண்டனை இல்லை, கிடைத்த வாய்ப்பு. சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், அந்த நிலையில் இருந்தவர்களைச் சும்மா விட்டபோது மூன்று வருடத்தில் 55% பேருக்கு சர்க்கரை வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39.3% ஆனது. வேறொன்றும் இல்லை, சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் நடந்ததுதான்.

கர்ப்பப்பை வாயில் மாற்றம் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தைய நிலை. அதற்கான சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேல்சிகிச்சை வேண்டுமென்றால், நம் பகுதிக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கைகொடுக்கும்.

டெஸ்ட் எடுக்கும் இடத்தில் தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல ஏதாவது வந்தா, அடுத்து யாரைப் பார்க்கணும்?" அதற்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், 80 டெஸ்ட் பேக்கேஜ் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

'கேன்சர் டெஸ்ட்' என்று ஆரம்பித்தால் அம்மா வாயைக் கழுவச் சொல்வார். 'லேடீஸ் செக்கப்' என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அத்தையையும் சேர்த்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயங்குபவர்கள் துணையோடு போய்விடுவார்கள். அன்றைக்குச் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். 'நான் போயிட்டா வீட்டை யார் பார்ப்பா?' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அப்பாவிடம் அட்வைஸ் எடுபடாது. "எனக்கு பி.பி பார்க்கணும்பா, துணைக்கு வாங்க" என்று கூட்டிப்போங்கள். உங்களுக்குப் பார்த்த கையோடு, "அப்படியே அப்பாவுக்கும் பார்த்துடுங்க சிஸ்டர்" என்று சொன்னால் முடிந்தது வேலை. அளவுகளை போனில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேதியோடு.

பைக் டேங்க்கில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அடுத்த கிலோமீட்டர் என்ன என்று பார்க்காமலே சொல்வோம். அப்பாவின் பி.பி எவ்வளவு என்று கேட்டால் சொல்ல முடிகிறதா? இந்த சனிக்கிழமைக்குள் அந்த ஒரு எண்ணை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அங்கிருந்து தானாக ஆரம்பிக்கும்.